டிரேடரை எந்த ஊருக்கு அனுப்புவது? சேலம் வரைபடத்தை வைத்து சிவிலைசேஷன் 6 வணிகப் பாதைகள்

ஊர்களை அமைத்து ஒரு நாட்டை வளர்க்கும் கணினி ஆட்டமான சிவிலைசேஷன் 6-ஐ ஆடத் தொடங்குகிறவர்கள் போரையும் ஊர் அமைப்பதையும் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். தடுமாறுவது வணிகப் பாதையில்தான். டிரேடர், அதாவது வணிகர், ஒருவரை உருவாக்கி முடித்ததும் திரையில் ஒரு பட்டியல் விரிகிறது. ஒவ்வோர் ஊருக்கும் எதிரே உணவு, உற்பத்தி, தங்கம், அறிவியல் என்று சின்னங்களும் எண்களும் இருக்கும். பெரும்பாலானோர் தங்கம் அதிகம் காட்டும் வரியை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பல டர்ன்கள், அதாவது ஆட்ட முறைகள், கழித்துப் பார்த்தால் கஜானாவில் கொஞ்சம் தங்கம் சேர்ந்திருக்கும், ஆனால் புதிதாக அமைத்த ஊர்கள் குழந்தைப் பருவத்திலேயே நிற்கும். முதலில் அழுத்திய அந்த வரிக்கும் வளராத ஊர்களுக்கும் உள்ள தொடர்பை ஆட்டம் எங்கேயும் எடுத்துச் சொல்வதில்லை.

அந்தத் தொடர்பைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். விதிகள் 2016-இல் வந்த சிவிலைசேஷன் 6, அதன் 2019 விரிவாக்கமான கேதரிங் ஸ்டார்ம் இரண்டும் சேர்ந்த நிலைக்குரியவை. எண்கள் எல்லாம் வழக்கமான வேகத்துக்கானவை. உதாரணத்துக்குச் சேலத்தையும் சேர்வராயன் மலையையும் எடுத்துக்கொள்வோம். நான்கு புறமும் மலை, நடுவில் சந்தை ஊர், மேலே காபித் தோட்டம் என்று நம் ஊர் இருப்பதால், இந்த ஆட்டத்தின் விதிகளைப் பொருத்திப் பார்க்க இதைவிட வசதியான வரைபடம் கிடைப்பது அரிது. ஆட்டத்தில் ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், இதை அப்படியே உங்கள் திரையிலும் செய்து பார்க்க முடியும்.

முதலில் மூன்று அடிப்படைகள்

1. கொள்ளளவு. ஒரே நேரத்தில் எத்தனை வணிகப் பாதைகளை நடத்தலாம் என்பதற்கு வரம்பு உண்டு. முதல் பாதை ஃபாரின் டிரேடு என்ற சிவிக், அதாவது சமூக வளர்ச்சிப் படி, முடிந்ததும் கிடைக்கும். இரண்டாவது கண்டம் ஒன்றைக் கண்டுபிடித்தால் அந்த சிவிக் வேகமாக முடியும். அதன்பின் மார்க்கெட், லைட்ஹவுஸ் என்ற கட்டடங்களில் ஒன்றாவது உள்ள ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பாதை கூடும். ஒரே ஊரில் இரண்டையும் கட்டினாலும் கூடுவது ஒன்றுதான். கொலோசஸ் போன்ற சில உலக அதிசயங்களும், கிரேட் மெர்ச்சன்ட் என்ற சிறப்பு மனிதர்கள் சிலரும் கூடுதல் பாதை தருவதுண்டு.

2. டிரேடர். கொள்ளளவு என்பது அனுமதி மட்டுமே. பாதையை நடத்த டிரேடர் என்ற யூனிட்டைத் தனியாக உருவாக்க வேண்டும். தொடக்கத்தில் அதற்கு 40 உற்பத்தி செலவாகும். வேலையில்லாமல் நிற்கும் டிரேடரை உங்கள் நாட்டின் வேறோர் ஊருக்கு நேரடியாக மாற்றி, அங்கிருந்து கிளம்பச் செய்யலாம். இந்த வசதியைப் பலர் கவனிப்பதே இல்லை. டிரேடர் எந்த ஊரில் உருவானாரோ அந்த ஊருக்கே கட்டுப்பட்டவர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

3. காலம். ஆட்டத்தின் தொடக்க யுகங்களில் ஒரு பாதை குறைந்தது 20 டர்ன்கள் ஓடும். பின்வரும் யுகங்களில் இந்தக் குறைந்தபட்சம் கூடும். டிரேடர் ஒரு டர்னுக்கு வரைபடத்தில் ஒரு கட்டம் நகர்வார், போய்த் திரும்பும் முழுச் சுற்று முடிந்தால்தான் பாதை முடியும். நான்கு கட்டத் தொலைவில் உள்ள ஊர் என்றால் ஒரு சுற்றுக்கு 8 டர்ன். 20-ஐத் தாண்ட மூன்று சுற்று வேண்டும், ஆக 24 டர்ன். 15 கட்டத் தொலைவு என்றால் ஒரே சுற்றில் 30 டர்ன். அதுவரை உங்கள் முடிவை மாற்ற முடியாது. அதனால்தான் அந்தப் பட்டியலில் அழுத்தும் ஒவ்வொரு வரியும் முக்கியமாகிறது.

வருமானம் யாருக்கு, அளவு எதைப் பொறுத்து

குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். விதி சுருக்கமானது: வருமானம் புறப்படும் ஊருக்குச் சேரும், ஆனால் அதன் அளவைப் போய்ச்சேரும் ஊர் தீர்மானிக்கும். போய்ச்சேரும் ஊரில் எத்தனை டிஸ்ட்ரிக்ட்கள், அதாவது சிறப்புப் பகுதிகள், கட்டப்பட்டிருக்கின்றன என்பதே கணக்கு. புறப்படும் ஊர் பெரியதா சிறியதா, மக்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் கணக்கில் வராது. டிரேடர் கிளம்பிய டர்னிலிருந்தே வருமானம் வரும், அவர் போய்ச்சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சொந்த நாட்டுக்குள் ஓடும் பாதைக்கு எண்கள் இவை:

- போய்ச்சேரும் ஊரின் மையம்: 1 உணவு, 1 உற்பத்தி.
- அங்கே கேம்பஸ் (கல்வி), ஹோலி சைட் (சமயம்), தியேட்டர் ஸ்கொயர் (கலை) ஆகிய பகுதிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1 உணவு.
- கமர்ஷியல் ஹப் (வணிகம்), ஹார்பர் (துறைமுகம்), இண்டஸ்ட்ரியல் ஸோன் (தொழில்), என்கேம்ப்மென்ட் (படை) இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1 உற்பத்தி.

வேற்று நாட்டுக்கு ஓடும் பாதைக்கு:

- ஊரின் மையம்: 3 தங்கம்.
- கமர்ஷியல் ஹப், ஹார்பர்: ஒவ்வொன்றுக்கும் 3 தங்கம்.
- கேம்பஸுக்கு 1 அறிவியல், தியேட்டர் ஸ்கொயருக்கு 1 கலாசாரம், ஹோலி சைட்டுக்கு 1 சமய நம்பிக்கை.
- இண்டஸ்ட்ரியல் ஸோன், என்கேம்ப்மென்ட்: ஒவ்வொன்றுக்கும் 1 உற்பத்தி.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். சேலம் உங்கள் தலைநகரம். திருமணிமுத்தாற்றின் ஓரத்தில் கமர்ஷியல் ஹப் இருக்கிறது. ஆற்றை ஒட்டினால் இந்த ஹப்புக்குக் கூடுதலாக 2 தங்கம் உண்டு, நிஜத்தில் லீ பஜார் இருக்கும் செவ்வாய்ப்பேட்டையை அந்தக் கட்டமாக நினைத்துக்கொள்ளலாம். மேற்கே கஞ்சமலை அடிவாரத்தில் இண்டஸ்ட்ரியல் ஸோன். இரும்புத் தாது உள்ள அந்த மலையின் அடியில்தான் நிஜமான உருக்காலையும் இருக்கிறது. இவற்றோடு ஒரு கேம்பஸ், ஒரு ஹோலி சைட். மொத்தம் நான்கு டிஸ்ட்ரிக்ட்கள்.

வடக்கே சேர்வராயன் மலைமேல் ஏரிக்கரையில் ஏற்காடு என்று புதிய ஊர் ஒன்றை அமைக்கிறீர்கள். ஏரி பக்கத்தில் இருப்பதால் நன்னீர் உண்டு, தொடக்கத்திலேயே 5 பேருக்கு வீட்டுவசதி கிடைக்கும். ஆனால் ஊரில் இருப்பது ஒரே ஒரு மக்கள்தொகை அலகு. டிஸ்ட்ரிக்ட் எதுவும் இல்லை.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு டிரேடரை அனுப்பினால் மையத்துக்கு 1 உணவு, கேம்பஸுக்கு 1, ஹோலி சைட்டுக்கு 1, ஆக 3 உணவு. மையத்துக்கு 1 உற்பத்தி, கமர்ஷியல் ஹப்புக்கு 1, இண்டஸ்ட்ரியல் ஸோனுக்கு 1, ஆக 3 உற்பத்தி. இவை ஒவ்வொரு டர்னும் ஏற்காட்டுக்கு வந்து சேரும்.

அதே பாதையைத் திருப்பிச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அனுப்பினால் கிடைப்பது 1 உணவு, 1 உற்பத்தி. அதுவும் ஏற்கெனவே வளர்ந்த சேலத்துக்கு. சாலை ஒன்றுதான், தூரம் ஒன்றுதான், டிரேடரும் ஒருவர்தான். எந்த முனையிலிருந்து கிளம்புகிறார் என்பது மட்டும் மாறியதால் பலன் மூன்றில் ஒன்றாகிவிட்டது.

தலைநகரத்தில் டிரேடரை உருவாக்கி அங்கிருந்தே அனுப்பும் பழக்கம்தான் தொடக்க ஆட்டக்காரர்கள் பலரைப் பின்னுக்கு இழுக்கிறது. தலைநகரத்தில் உற்பத்தி அதிகம் என்பதால் டிரேடரை அங்கே உருவாக்குவது சரி. உருவானதும் அவரைப் புதிய ஊருக்கு மாற்றி, அங்கிருந்து தலைநகரத்தை நோக்கி அனுப்ப வேண்டும்.

3 உணவும் 3 உற்பத்தியும் பெரிய எண்களாகத் தெரியாமல் இருக்கலாம். புதிய ஊரின் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். குன்றின்மேல் அமைந்த ஏற்காட்டின் மையம் 2 உணவும் 2 உற்பத்தியும் தருகிறது, ஊரின் ஒரே குடிமகன் வேலைசெய்யும் புல்வெளிக் குன்று 2 உணவும் 1 உற்பத்தியும் தருகிறது என்று கொள்வோம். மொத்தம் 4 உணவு, 3 உற்பத்தி. ஒரு மக்கள்தொகை அலகு 2 உணவு உண்ணும், மீதி 2. இரண்டாவது அலகு பிறக்க 15 உணவு சேர வேண்டும். பாதை இல்லாவிட்டால் 8 டர்ன், பாதை இருந்தால் மீதி 5 என்பதால் 3 டர்ன். மானுமெண்ட் என்ற கட்டடத்தைக் கட்ட 60 உற்பத்தி தேவை. பாதை இல்லாவிட்டால் 20 டர்ன், இருந்தால் 10 டர்ன். ஊர் வளர வளர இந்த வித்தியாசம் வட்டிபோலப் பெருகும், ஏனென்றால் முன்கூட்டியே பிறந்த குடிமகன் முன்கூட்டியே வேலைக்குப் போகிறான்.

இதன் தொடர்ச்சியாக ஒரு முடிவு தானே வருகிறது. எல்லா ஊர்களையும் ஒரே சீராக வளர்ப்பதைவிட, முதலில் ஓர் ஊரில் டிஸ்ட்ரிக்ட்களைக் குவித்துவிட்டு மற்ற எல்லா ஊர்களிலிருந்தும் அதை நோக்கிப் பாதை விடுவது லாபம். மேட்டூர், சங்ககிரி, ஆத்தூர் என்று எத்தனை ஊர்கள் அமைத்தாலும் எல்லாம் சேலத்தை நோக்கி ஓடலாம். ஒரே ஊரை எத்தனை பாதைகள் தொட்டாலும் ஒவ்வொன்றும் முழுப் பலன் பெறும், பங்கு பிரியாது. மாக்னஸ் என்ற கவர்னரைச் சேலத்தில் அமர்த்தி அவருக்கு சர்ப்ளஸ் லாஜிஸ்டிக்ஸ் என்ற பதவி உயர்வைக் கொடுத்தால், சேலத்தில் முடியும் ஒவ்வொரு பாதைக்கும் புறப்படும் ஊருக்கு மேலும் 2 உணவு சேரும்.

தங்கமா, உணவா?

தங்கம் அதிகம் காட்டும் வரியை அழுத்துவது எப்போதுமே தவறு என்று சொல்லவில்லை. எப்போது சரி என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்துவிட்டு அழுத்த வேண்டும்.

சேலத்தைப் போலவே நான்கு டிஸ்ட்ரிக்ட்கள் உள்ள வேற்று நாட்டு ஊர் ஒன்று எட்டும் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே பாதை விட்டால் மையத்துக்கு 3, கமர்ஷியல் ஹப்புக்கு 3, ஆக 6 தங்கம். கூடவே 1 அறிவியல், 1 சமய நம்பிக்கை, 1 உற்பத்தி. கேரவன்செரைஸ் என்ற பாலிசி கார்டு (அரசுக் கொள்கையாகத் தேர்ந்துகொள்வது) எல்லாப் பாதைகளுக்கும் 2 தங்கம் சேர்க்கும் என்பதால் அதையும் கூட்டினால் 8 தங்கம்.

யூனிட்டையோ கட்டடத்தையோ தங்கம் கொடுத்து வாங்கும்போது ஏறத்தாழ ஓர் உற்பத்திக்கு 4 தங்கம் என்ற விகிதம் பொருந்தும். 60 உற்பத்தி கேட்கும் மானுமெண்டை வாங்க 240 தங்கம் வேண்டும். டர்னுக்கு 8 தங்கம் என்றால் 30 டர்ன் சேர்க்க வேண்டும். உள்நாட்டுப் பாதை அதே மானுமெண்டை 10 டர்னில் கட்டவைத்தது, இடையில் மக்களையும் பெருக்கியது, கேரவன்செரைஸ் கார்டின் 2 தங்கத்தையும் தந்தது. ஆட்டத்தின் முதல் பாதியில், வளர வேண்டிய சிறிய ஊர்கள் கையில் இருக்கும்வரை, உள்நாட்டுப் பாதைதான் என் தேர்வு.

வெளிநாட்டுப் பாதை வெல்லும் சந்தர்ப்பங்கள் இவை:

1. உங்கள் நாட்டில் எந்த ஊரும் இன்னும் வளரவில்லை. எல்லாமே 1 உணவு, 1 உற்பத்திதான் தரும் என்றால் பக்கத்து நாட்டின் வளர்ந்த ஊரைப் பயன்படுத்திக்கொள்வதே புத்தி.

2. படைப் பராமரிப்புச் செலவால் கஜானா குறைந்துகொண்டே போகிறது. தங்கம் தீர்ந்தால் நாடே தள்ளாடும், அப்போது விகிதக் கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம்.

3. ஒரே இடத்தில் உடனடியாக ஏதாவது வாங்க வேண்டியிருக்கிறது. உற்பத்தி அந்தந்த ஊரில் மட்டும் செலவாகும், தங்கமோ நாட்டின் எந்த மூலையிலும் செலவாகும். எல்லையில் எதிரி நிற்கும்போது இந்த வித்தியாசத்துக்கு விலையே இல்லை.

4. ஆட்டத்தின் பிற்பகுதி. டிரேடு கான்ஃபெடரேஷன் கார்டு வெளிநாட்டுப் பாதை ஒவ்வொன்றுக்கும் 1 அறிவியலும் 1 கலாசாரமும் சேர்க்கும். டிரையாங்குலர் டிரேடு எல்லாப் பாதைகளுக்கும் 4 தங்கமும் 1 சமய நம்பிக்கையும் தரும். கூட்டணி நாடுகளோடு ஓடும் பாதைக்குத் தனிச் சலுகைகள் உண்டு. உங்கள் ஊர்கள் வளர்ந்து முடித்தபின் கூடுதல் உணவால் பயன் குறைவு, அப்போது பாதைகளை வெளியே திருப்பலாம்.

தூரமும் டிரேடிங் போஸ்டும்

தொலைவில் உள்ள ஊருக்கு அனுப்பினால் லாபம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அடிப்படை வருமானத்துக்குத் தூரத்தோடு தொடர்பில்லை. தூரம் தீர்மானிப்பது இரண்டை: பாதை எத்தனை டர்ன் நீளும், அந்த ஊரை எட்ட முடியுமா முடியாதா. நிலத்தில் 15 கட்டம், கடலில் 30 கட்டம் என்பது எல்லை.

எல்லையை நீட்டுவது டிரேடிங் போஸ்ட். ஓர் ஊருக்கு ஒரு பாதை ஓடி முடிந்தால் அங்கே உங்களுக்கு ஒரு டிரேடிங் போஸ்ட் உருவாகும். அடுத்த பாதை அந்த ஊர் வழியாகப் போனால் தூரக் கணக்கு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். தர்மபுரிக்கு எட்டாத டிரேடர் வழியில் ஓரிடத்தில் போஸ்ட் இருந்தால் எட்டிவிடுவார். வேற்று நாட்டு ஊர்களில் உள்ள உங்கள் போஸ்ட்கள் வழியே பாதை சென்றால் ஒவ்வொன்றுக்கும் 1 தங்கம் கூடுதல். நெடுந்தொலைவுப் பாதை பட்டியலில் அதிக தங்கம் காட்டுவதற்கு ஒரு காரணம் இந்தச் சில்லறை சேர்வதுதான். இன்னொன்று, கேதரிங் ஸ்டார்மில் கடல், கால்வாய், ரயில் பாதை போன்ற வசதியான வழிகளில் செல்லும் பாதைகளுக்கு வெகுமதி உண்டு.

ரோமானிய நாகரிகம் மட்டும் இதில் விதிவிலக்கு. அவர்கள் அமைக்கும், கைப்பற்றும் ஊர்களில் எல்லாம் டிரேடிங் போஸ்ட் தானாகவே வந்துவிடும்.

டிரேடர் போட்டுச்செல்லும் சாலை

இந்தத் தொடரின் முந்தைய ஆட்டங்களில் சாலை போடுவது தொழிலாளர் யூனிட்டின் வேலை. ஆறாம் பதிப்பில், ஆட்டத்தின் பெரும்பகுதியில், சாலை போடுகிறவர் டிரேடர்தான். அவர் நிலத்தில் நடக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் பின்னால் ஒரு சாலை உருவாகிறது. பாதை முடிந்து 3 உணவும் 3 உற்பத்தியும் நின்றுபோனாலும் சாலை அப்படியே இருக்கும். பட்டியலில் காட்டப்படாத பெரிய பலன் இது. முதல் டிரேடரை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும்போது வருமானத்துக்குச் சமமாக இதையும் எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன்.

மலைப்பகுதியில் இதன் மதிப்பு பல மடங்கு. ஆட்டத்தில் குன்று வேறு, மலை வேறு. குன்றுக் கட்டத்தில் ஏற 2 நகர்வுப் புள்ளிகள் வேண்டும், குன்றின்மேல் காடும் இருந்தால் 3. ஒரு கட்டத்துக்குள் நுழையத் தேவையான புள்ளிகள் மீதமில்லாவிட்டால் யூனிட் அங்கேயே நின்றுவிடும். 2 புள்ளிகள் உள்ள சாதாரண வீரன் குன்றுகள் வழியே டர்னுக்கு ஒரு கட்டம்தான் போவான். டிரேடர் சாலை போட்ட பிறகு, மிகப் பழைய வகைச் சாலையே ஆனாலும், எந்தக் கட்டமும் 1 புள்ளிதான். வீரன் இரண்டு கட்டம் போவான், படையின் வேகம் இரட்டிப்பாகிவிட்டது. அடுத்த வகைச் சாலை ஆறுகளுக்குப் பாலத்தையும் சேர்க்கிறது. பிறகு இண்டஸ்ட்ரியல் யுகச் சாலையில் 0.75 புள்ளி, மாடர்ன் சாலையில் 0.5, ரயில் பாதையில் 0.25. யுகம் மாறும்போது சாலைகள் தாமே தரம் உயரும். ரயில் பாதையை மட்டும் மிலிட்டரி எஞ்சினியர் வந்து போட வேண்டும், கட்டத்துக்குக் கட்டம் இரும்பும் நிலக்கரியும் செலவாகும்.

மலைக் கட்டத்துக்குள் டிரேடரும் நுழைய முடியாது, வேறு எந்தச் சாதாரண யூனிட்டும் நுழைய முடியாது. ஆட்டமே சுற்றுவழியைத் தேடிக்கொள்ளும். மலைகளுக்கு நடுவே ஒரே ஒரு கட்டம் திறந்திருந்தால் அந்தக் கணவாய் வழியாகத்தான் எல்லாப் பாதைகளும் போகும், எல்லாச் சாலைகளும் அங்கே குவியும். வடக்கே சேர்வராயன் மலை, நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று அடைபட்டிருக்கும் சேலத்திலிருந்து தர்மபுரிக்குப் போகிறவர்கள் தொப்பூர்க் கணவாயை நம்பியிருப்பது இதே காரணத்தால்தான். ஏற்காட்டுக்கு ஏறும் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளாகச் சுற்றுவதும் நிலம் விதித்த வழிதான். ஆட்டத்தில் அப்படி ஒரு கணவாய்க் கட்டம் கண்ணில் பட்டால் அதன் அருகே ஊர் அமையுங்கள், இல்லாவிட்டால் ஒரு கோட்டையாவது கட்டுங்கள். போர்க்காலத்தில் எதிரி வரும் வழியும் அதுவே.

வணிகர் நடந்த வழியே பெருவழியாவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. தர்மபுரிப் பக்கத்தில் அதியமான் பெருவழியின் தூரக் கற்கள் கிடைத்திருக்கின்றன. நாவல்தாவளம் என்ற இடத்துக்கு எத்தனை காதம் என்பதை அவை எழுத்தில் பொறித்து, படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குழிகளாகவும் குறித்துவைத்திருக்கின்றன. டிரேடரின் பின்னால் திரையில் தானாக நீளும் அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்க்கும்போது இந்தக் கற்கள் எனக்கு நினைவுக்கு வருவதுண்டு.

எண்ணில் வராத சில

வேற்று நாட்டுக்கு ஒரு பாதை விட்டால் அந்த நாட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும் தகவல் ஒரு படி கூடும். அந்த நாட்டின்மீது உங்கள் சுற்றுலாத் தாக்கம் 25 சதவீதம் உயரும், கலாசார வெற்றியைக் குறிவைக்கிறவர்கள் எல்லா நாடுகளுக்கும் ஒரு பாதையாவது வைத்திருப்பது இதற்காகத்தான். சமயச் செல்வாக்கும் பாதை வழியே இரு பக்கமும் பரவும். சிட்டி ஸ்டேட்கள், அதாவது ஒற்றை ஊர் நாடுகள், சில சமயம் தங்களுக்கு ஒரு வணிகப் பாதை விடச் சொல்லும், நிறைவேற்றினால் ஒரு தூதர் கிடைப்பார்.

கொள்ளையும் போரும்

டிரேடர் சண்டையிட மாட்டார். எதிரிப் படையோ, எந்த நாட்டையும் சேராத பார்பேரியன்களோ அவர் நிற்கும் கட்டத்துக்கு வந்தால் கொள்ளையடித்துத் தங்கத்தை எடுத்துக்கொள்வார்கள். டிரேடர் அழிவார், பாதை முறியும், மீண்டும் முதலிலிருந்து உருவாக்க வேண்டும்.

பார்பேரியன் முகாம்கள் உங்கள் பார்வை படாத கட்டங்களில்தான் முளைக்கும். ஆகவே பாதுகாப்பின் முதல் வழி, பாதை நெடுகப் பார்வை இருக்கும்படி செய்வது. ஏற்காட்டுப் பாதையில் நடுவழிக் குன்று ஒன்றில் ஒரே ஒரு வீரனை நிறுத்தினால் போதும், உயரத்திலிருந்து அவன் பார்வை தொலைவு எட்டும், சுற்றுப்புறத்தில் முகாம் முளைக்காது. டிரேடரின் பின்னாலேயே படையை நடத்திச் செல்வதைவிட இது மலிவானது.

இரு நாடுகளுக்குள் போர் மூண்டால் அவற்றுக்கிடையே உள்ள பாதைகள் உடனே முறியும். உங்கள் பாதைகள் எல்லாமே ஒரே பக்கத்து நாட்டை நம்பியிருந்தால், போர் தொடங்கும் டர்னிலேயே வருமானமும் போய்விடும். படைச் செலவு கூடும் நேரத்தில் வரவு நின்றால் அதிலிருந்து மீள்வது கடினம். போர் அறிவிப்பதற்கு முன் பாதைப் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

சரக்கு எங்கே? ஏழாம் பதிப்பின் மாற்றம்

ஏற்காட்டில் காபி விளைகிறது. ஆட்டத்திலும் காபி ஓர் ஆடம்பர வளம். அப்படியானால் ஏற்காட்டு டிரேடர் சேலத்துக்குக் காபியைத்தானே கொண்டுபோகிறார்? இல்லை. ஆறாம் பதிப்பில் வணிகப் பாதை எந்தச் சரக்கையும் சுமப்பதில்லை. காபித் தோட்டம் அமைத்ததுமே காபி நாடு முழுவதற்கும் சொந்தமாகி, நான்கு ஊர்களுக்கு ஆளுக்கொரு மகிழ்ச்சிப் புள்ளி தந்துவிடும். அதை வேற்று நாட்டுக்கு விற்பது பேச்சுவார்த்தைத் திரையில் நடக்கும் தனி ஒப்பந்தம், டிரேடருக்கு அதில் பங்கில்லை.

இந்த வடிவமைப்பில் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. முதலாவது, போய்ச்சேரும் ஊருக்குச் சாதாரணமாக எதுவும் கிடைப்பதில்லை. 2013-இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்டு விரிவாக்கத்தில், அதாவது ஐந்தாம் பதிப்பில், பாதையின் இரு முனைகளும் தங்கம் பெற்றன. ஆறாம் பதிப்பு அதைக் கைவிட்டது. இரண்டாவது குறை இன்னும் பெரியது. இடைவழி ஊருக்கு ஒன்றுமே இல்லை. என்.எச். 44-உம், கொச்சிக்குப் போகும் 544-உம், உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் 79-உம் சந்திக்கும் ஊர் சேலம். ஜவ்வரிசி, கொலுசு, மாம்பழம் என்று இந்த ஊரின் சொந்தச் சரக்கு ஒரு பக்கம் இருக்க, இந்த வழியாகக் கடந்துபோகும் லாரிகளை நம்பிப் பிழைப்பவர்கள் பட்டறையிலிருந்து உணவுக்கடை வரை எத்தனையோ பேர். சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலால் பெயர்பெற்றவை. ஆட்டத்திலோ எத்தனை டிரேடர்கள் குறுக்கே போனாலும் நடுவில் உள்ள ஊர் வளராது. டிரேடிங் போஸ்டின் 1 தங்கம்கூட டிரேடரை அனுப்பியவருக்குத்தான்.

2025 பிப்ரவரியில் வெளியான ஏழாம் பதிப்பு முதல் குறையைத் தீர்த்திருக்கிறது. அங்கே டிரேடருக்குப் பதில் மெர்ச்சன்ட். அவரை வேற்று நாட்டு ஊருக்கு நீங்களே நடத்திச் சென்று பாதையைத் தொடங்க வேண்டும். தொடங்கியதும் அந்த ஊரின் வளங்கள் உங்களுக்கு வரும், பதிலுக்கு அந்த நாட்டுக்குத் தங்கம் சேரும். சரக்கு நிஜமாகவே நகர்கிறது, இரு பக்கமும் பயன் இருக்கிறது. வந்த வளங்களை எந்த நகரத்தில் பொருத்துவது என்பதும் உங்கள் முடிவு. சோழர்கள் இந்தப் பதிப்பில் எக்ஸ்ப்ளோரேஷன் யுகத்து நாகரிகமாக வருகிறார்கள். அவர்களுக்கே உரிய கட்டடங்களுக்கு மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற பழைய வணிகக் குழுக்களின் பெயர்களையே வைத்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன்.

ஆறாம் பதிப்பின் பழக்கத்தோடு ஏழுக்குப் போகிறவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது இது. டிஸ்ட்ரிக்ட்களை எண்ணும் வேலை அங்கே கிடையாது, ஊரில் என்ன வளங்கள், எத்தனை இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தலைவரோடும் எத்தனை பாதைகள் வைக்கலாம் என்பதற்குத் தனித்தனி வரம்பு உண்டு, அதை உயர்த்த வணிக உறவை மேம்படுத்தும் ராஜதந்திர நடவடிக்கைக்குச் செல்வாக்கைச் செலவிட வேண்டும். எனவே முதல் மெர்ச்சன்டை அனுப்புவதற்கு முன்பே அந்தத் தலைவரின் எல்லா ஊர்களையும் பார்த்துவிட்டு, அதிக வளங்கள் உள்ள ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள்.